வலி தாங்கப் பழகிய உடம்பு

2011 மார்ச் 20 அன்று சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தை நானும் அப்பாவும் நேரில் பார்த்தோம். உள்ளூர்ப் பையனான ரவிச்சந்திரன் அஸ்வினுக்கு அதுதான் முதல் உலகக் கோப்பை ஆட்டம் என்பதால், எங்கள் வரிசையில் இருந்தவர்களில் பலர் அவர் பந்து வீச வரும் நேரத்துக்காகவே காத்திருந்தார்கள். ஆனால் அன்றைய நாளைத் தனதாக்கிக்கொண்டவர் யுவராஜ் சிங். 123 பந்துகளில் 113 ரன் எடுத்தார். இடையிடையே மட்டையை ஊன்றிக் குனிந்து நின்றார், ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார், வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த பந்தை எதிர்கொண்டார். "வெயில்ல உடம்புல தண்ணி வத்திப் போச்சு. அப்படியும் விடாம நிக்கிறான் பாருடா," என்று அப்பா சொன்னார். மற்ற எல்லோரையும்போல நானும் எழுந்து நின்று கை தட்டினேன்.

அப்போது எனக்கு 24 வயது. சென்னை லீக்கில் கீழ்ப் பிரிவு அணி ஒன்றுக்கு வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தேன். வாரத்தில் ஐந்து நாள் கணக்கர் வேலை, சனி ஞாயிறு கிரிக்கெட். அன்று சேப்பாக்கத்திலிருந்து திருவல்லிக்கேணிக்கு நடந்து திரும்பும்போது, உடம்பு என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் ஆடுபவன்தான் உண்மையான ஆட்டக்காரன் என்ற எண்ணம் எனக்குள் இன்னும் ஆழமாக இறங்கியிருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து என் உயிரைப் பறித்திருக்கக்கூடிய எண்ணம் அது.

அந்தத் தொடரில் யுவராஜ் 362 ரன்னும் 15 விக்கெட்டும் எடுத்துத் தொடர் நாயகன் ஆனார். தொடர் முழுவதும் இருமல், மூச்சு வாங்கல், தூக்கமின்மை, வாந்தி ஆகியவை அவரைத் தொல்லைப்படுத்திக்கொண்டே இருந்தன. நெஞ்செலும்புக்குப் பின்னால், இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. கோப்பை வென்ற பிறகும் அவர் ஆடிக்கொண்டுதான் இருந்தார். 2011 நவம்பரில் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் டெஸ்ட் ஆட்டங்களில் இறங்கினார். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் அவருக்குக் கீமோதெரபி நடப்பது 2012 பிப்ரவரியில்தான் நமக்கெல்லாம் தெரியவந்தது. சேப்பாக்கத்து நூறுக்கும் அந்தச் சிகிச்சைக்கும் இடையே ஏறத்தாழ பத்து மாதங்கள் கழிந்திருந்தன. இந்தப் பத்து மாதங்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. மூன்று சுழற்சிக் கீமோவை முடித்துக்கொண்டு அவர் ஏப்ரலில் நாடு திரும்பியதையும் அதன் பிறகு மைதானத்துக்கு வந்ததையும்தான் பேசுகிறோம்.

அந்தத் திரும்புதலையும் நான் நேரில் பார்த்தேன். 2012 செப்டம்பர் 11, அதே சேப்பாக்கம், நியூஸிலாந்துக்கு எதிரான இருபது ஓவர் ஆட்டம். 168 ரன் இலக்கு. யுவராஜ் மட்டையோடு இறங்கி வந்தபோது எழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருந்த அப்பா பேசியது எனக்குக் கேட்கவில்லை. 26 பந்துகளில் 34 ரன் எடுத்துக் கடைசி ஓவரில் ஆட்டமிழந்தார். இந்தியா ஒரு ரன்னில் தோற்றது. தோல்வியைப் பொருட்படுத்தும் மனநிலையில் எங்கள் வரிசையில் யாரும் இல்லை. எனக்கும் கண்கள் நிறைந்திருந்தன.

இவ்வளவையும் கண்ணால் பார்த்த எனக்கு அவருக்கு வந்த நோயின் பெயர் தெரியாது. அது எந்த வயதினருக்கு வரும், எங்கே தொடங்கும், எப்படித் தென்படும் என்று எதுவும் தெரியாது. அவர் துணிச்சலானவர் என்று மட்டுமே தெரியும். அதனால்தான், ஏறத்தாழ ஓராண்டு கழித்து அதே குடும்பத்தைச் சேர்ந்த நோய் எனக்கு வந்தபோது, ஐந்து மாதம் அதைத் துணிச்சலாக மறைத்து வைத்தேன். இதை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அந்த ஐந்து மாதங்கள்தான்.

2013 ஆகஸ்டில் ஒரு நாள் குளிக்கும்போது வலது விதை கனமாக இருப்பதுபோல் உணர்ந்தேன். தொட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் கூழாங்கல் போலக் கெட்டியாக இருந்தது. வலி இல்லை. ஜூனில் வலைப் பயிற்சியின்போது பந்து ஒன்று விதைகளைக் காக்கப் போடும் கார்டையும் மீறித் தாக்கியிருந்தது நினைவுக்கு வந்ததால், அந்த அடியின் வீக்கம்தான் இது என்று நானே முடிவு செய்துகொண்டேன். வலிக்காத கட்டி ஆபத்தில்லாதது என்று அன்று நம்பினேன். உண்மை ஏறக்குறைய நேர்மாறானது: இந்த வகைப் புற்றுநோயில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை, அடிபட்ட வீக்கமோ கிருமித் தொற்றோதான் பெரும்பாலும் வலிக்கும். அடிபட்டதால் இந்தப் புற்றுநோய் வருவதுமில்லை. அடிபட்ட இடத்தைத் தொட்டுப் பார்க்கும்போது ஏற்கெனவே அங்கிருந்த கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான்.

அக்டோபரில் முதுகு வலிக்கத் தொடங்கியது. வேகப்பந்து வீசுபவனுக்கு முதுகுவலி என்பது காலில் போடும் செருப்பைப் போல. அது இல்லாத நாளில்தான் வித்தியாசமாகத் தோன்றும். பிசியோதெரபி, ஒத்தடம், இடுப்புப் பட்டை, ஆட்டத்துக்கு முந்தைய நாள் வலி நிவாரண ஊசி என்று நான்கு மாதம் ஓட்டினேன். எனக்குச் சிகிச்சை கொடுத்த யாரும் வேறு எங்காவது ஏதாவது இருக்கிறதா என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் இந்த வலி பந்து வீச்சாளனின் வலி இல்லை என்பதற்கான அறிகுறிகள் என் உடம்பிலேயே இருந்தன. பழைய வலி முன்காலை ஊன்றிப் பந்தை விடும் நொடியில் வெட்டும், இரண்டு நாள் ஓய்வெடுத்தால் தணியும். புதிய வலி பகலில் பரவாயில்லாமல் இருந்து, இரவில் மல்லாந்து படுத்ததும் ஆழத்திலிருந்து பிசைந்து எடுக்கும்; எழுந்து முன்பக்கமாகக் குனிந்து உட்கார்ந்தால்தான் சற்று விடும். இரவில் எழுப்பும் வலியும் ஓய்வுக்குக் கட்டுப்படாத வலியும் தசையின் வலியாக மட்டும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. இளம் பந்து வீச்சாளர்களிடம் இதை நான் இன்றும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்த அக்கா, நான் இரவு முழுவதும் நாற்காலியில் தலையைக் கவிழ்த்துத் தூங்குவதைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் காலை மாடியில் துணி காயப்போடும்போது, "முதுகு மட்டும்தானா, இல்ல வேற எங்கயாவது கட்டி கிட்டி இருக்கா? எங்கிட்ட சொல்லுடா," என்று கேட்டாள். அம்மாவோ அப்பாவோ அணி நண்பர்களோ கேட்காத கேள்வி அது. ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி அழுதேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்து யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப் பாதை, ஆண் உறுப்பு நோய் மருத்துவர்) ஒருவரிடம் அன்று மாலைக்கே நேரம் வாங்கினாள்.

நோயைக் கண்டுபிடிக்க மூன்று நாள்கூட ஆகவில்லை. விதைப்பையை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்தார்கள். ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற மூன்று ரத்தப் பரிசோதனைகள் செய்தார்கள். கர்ப்பத்தைக் கண்டறியும் பரிசோதனையில் தேடப்படும் அதே எச்.சி.ஜி. ஹார்மோனைத்தான் இந்தக் கட்டிகளில் சிலவும் சுரக்கின்றன. எனக்குச் சற்றே கூடியிருந்தது. பிறகு சி.டி. ஸ்கேன். திரையில் டாக்டர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், முதுகெலும்புக்கு முன்னால், பெரிய ரத்தக் குழாய்களை ஒட்டி நான்கு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு நிணநீர்க் கணு வீங்கியிருந்தது. கருவில் விதைகள் வயிற்றுக்குள் அந்த மட்டத்தில் உருவாகிப் பிறகுதான் கீழே இறங்குகின்றன என்பதால், அங்கிருந்து புறப்படும் நோய் முதலில் போய்ச் சேரும் இடமும் அதுதான் என்று அவர் விளக்கினார். நான்கு மாதம் நான் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தது அந்தக் கணுவுக்குத்தான்.

இதற்கிடையே உறவினர் ஒருவரின் வற்புறுத்தலால் இரண்டாவது கருத்துக்காக வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே விதைப்பையில் ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். எங்கள் யூராலஜிஸ்ட் அதைக் கேட்டதும் பதறிவிட்டார். விதையில் புற்றுநோய் என்று சந்தேகம் இருந்தால் விதைப்பை வழியாக ஊசி வைக்கவோ அங்கே கத்தி போடவோ கூடாது, அப்படிச் செய்தால் நோய் வேறு பாதைகளில் பரவ வழி திறந்துவிடும், தொடையிடுக்குக்கு மேலே சிறு கீறல் போட்டு அந்த வழியாகத்தான் விதையை முழுதாக எடுக்க வேண்டும் என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். 2014 ஜனவரி 20 அன்று அப்படித்தான் எடுத்தார்கள். இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆய்வக அறிக்கையில் செமினோமா என்று இருந்தது. விதைப் புற்றுநோயில் அது ஒரு வகை.

அந்தப் பெயரை எங்கேயோ படித்திருப்பதாக அப்பாவுக்குத் தோன்றியது. அவர்தான் பழைய செய்தித்தாள்களைத் தேடி எடுத்து வந்து, யுவராஜுக்கு நெஞ்சுக்குள் வந்ததும் செமினோமாதான் என்று காட்டினார். விதையில் வர வேண்டிய கட்டி நெஞ்சில் எப்படி வரும் என்று டாக்டரைக் கேட்டேன். கரு வளரும்போது இனப்பெருக்க அணுக்கள் உடம்பின் நடுக்கோட்டை ஒட்டிப் பயணம் செய்து தங்கள் இடத்தை அடைகின்றன என்றும், வழியில் தங்கிவிட்ட சில அணுக்களிலிருந்து பல ஆண்டுகள் கழித்து இப்படிக் கட்டி வளரலாம் என்று கருதப்படுவதாகவும் அவர் சொன்னார். இடம்தான் வேறு, வம்சம் ஒன்று. ஆகவே மருந்தும் ஒன்று.

அந்த மருந்தின் வரலாற்றை நான் படுத்துக் கிடந்த நாட்களில் தேடித் தேடிப் படித்தேன். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்பவர் மின்புலம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பயன்படுத்திய பிளாட்டினக் கம்பிகளிலிருந்து கரைந்து வந்த ஒரு சேர்மம்தான் பாக்டீரியா பெருகுவதைத் தடுக்கிறது என்பதை 1965-ல் எழுதினார். அதுவே சிஸ்பிளாட்டின் என்ற மருந்தாயிற்று. 1974-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற இளம் மருத்துவர் அதை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்து, விதைப் புற்றுநோய் உடம்பெங்கும் பரவிய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை அந்த நிலைக்கு வந்த இளைஞர்களில் மிகச் சிலரே பிழைத்தார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலோர் பிழைத்தார்கள். யுவராஜ் இண்டியானாபொலிஸ் போனது அந்த ஐன்ஹார்னிடம்தான். இதைப் படித்த இரவில்தான் எனக்கு உண்மையான நம்பிக்கை வந்தது. அதுவரை வந்தவர்கள் எல்லோரும் "நீ ஸ்போர்ட்ஸ்மேன், வில் பவர் இருக்கு, ஜெயிச்சுடுவே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்போடு சொன்னார்கள் என்பது தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறை கேட்கும்போதும், தோற்றால் அது என் மனவுறுதியின் குறை என்று ஆகிவிடுமே என்ற பயம் கூடிக்கொண்டே போனது. எனக்கு முன்னால் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றிய மருந்து இது, நான் செய்ய வேண்டியது குறித்த நாளில் போய்ப் படுத்துக்கொள்வதுதான் என்று தெரிந்ததும் அந்தப் பாரம் இறங்கியது. பார்க்கப் போகிறவர்கள் மருத்துவமனைக்கு யார் கூட வருவார்கள், வண்டிக்கு என்ன ஏற்பாடு, சாப்பாடு யார் கொண்டுவருவார்கள் என்று கேட்டால் போதும்.

கீமோ தொடங்குவதற்கு முன்னால் செய்தே ஆக வேண்டிய ஒன்று இருந்தது. "கல்யாணம் ஆகலை இல்லையா? முதல் டோஸுக்கு முன்னாடி விந்தணுவை உறைய வச்சுடுங்க," என்று புற்றுநோய் மருத்துவர் அம்மாவின் முன்னிலையிலேயே சொன்னார். எனக்குக் கூச்சத்தில் நிமிர முடியவில்லை. அம்மா அமைதியாக, "எங்க போகணும் டாக்டர்? இன்னிக்கே போலாமா?" என்று கேட்டார். இந்த மருந்துகளால் விந்தணு உற்பத்தி பல மாதங்கள் நின்றுபோகலாம், பலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. முதல் டோஸ் ஏறிய பிறகு யோசித்துப் பயனில்லை. மருத்துவர் சொல்ல மறந்தாலும் நோயாளி கேட்டு வாங்க வேண்டிய ஆலோசனை இது. எங்கள் வார்டில் இருந்த 22 வயதுப் பையன் ஒருவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை; இரண்டாவது சுழற்சியில் நான் பேச்சுவாக்கில் சொன்னபோது அவன் முகம் மாறியதை என்னால் மறக்க முடியவில்லை.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு அலுவலகக் காப்பீடு கைகொடுத்தது. அந்தப் பையனுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவியது. நோய் உறுதியான அன்றே வீட்டில் ஒருவர் வருமானச் சான்றிதழ், குடும்ப அட்டை ஆகியவற்றை எடுத்துவைத்துவிட்டு மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டு மேசையை அணுகிவிடுவது நல்லது.

2014 பிப்ரவரி 10, திங்கட்கிழமை முதல் சுழற்சி தொடங்கியது. 21 நாள் ஒரு சுழற்சி; அதில் முதல் ஐந்து நாள் சிஸ்பிளாட்டினும் எட்டோபோசைடும், வாரம் ஒரு முறை ப்ளியோமைசின்; இப்படி மூன்று சுழற்சிகள். வேகப்பந்து வீசுபவன் என்பதால் ப்ளியோமைசின் எனக்குக் கவலை தந்தது, ஏனென்றால் அது நுரையீரலைத் தழும்பாக்கக்கூடியது. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு 1996-ல் இதே இண்டியானா பல்கலைக்கழகத்தில் அவருடைய நுரையீரலைக் காப்பதற்காக அந்த மருந்தைத் தவிர்த்து வேறொன்றைக் கொடுத்தார்கள் என்று படித்துவிட்டு, எனக்கும் மாற்றலாமா என்று கேட்டேன். அவருடைய பட்டங்கள் ஊக்கமருந்துக் குற்றத்தால் பின்னர் பறிக்கப்பட்டன என்பது வேறு கதை. அந்தச் சிகிச்சை முடிவு என்னவோ பொருள் உள்ளதுதான். டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். மாற்று மருந்து ரத்த அணுக்களை இன்னும் கடுமையாகக் குறைக்கும், என் நோயின் நிலைக்கு மூன்று சுழற்சியே போதும், ஒவ்வொரு சுழற்சிக்கு முன்னும் நுரையீரல் திறனை அளப்போம், வறட்டு இருமலோ மாடிப்படியில் புதிதாக மூச்சு வாங்கலோ வந்தால் அன்றே சொல்ல வேண்டும் என்றார். "உங்களுக்குத் தாங்கிப் பழக்கம். இங்க தாங்காதீங்க," என்று அவர் சேர்த்துச் சொன்னதைத்தான் நான் சிகிச்சை முழுவதும் பிடித்துக்கொண்டேன்.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதால், டிரிப்பில் நிறைய நீர் ஏற்றுவார்கள். உள்ளே போனதும் வெளியே வந்ததும் கணக்கில் இருக்க வேண்டும். எங்கள் கிளப்புக்கு 20 ஆண்டுகளாக ஸ்கோர் எழுதியவர் அப்பா. முதல் நாள் நர்ஸ் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, மறுநாள் வீட்டிலிருந்து நீளவாக்கிலான பச்சை அட்டை ஸ்கோர் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். மட்டையாளர் பெயர் எழுதும் கட்டங்களில் டிரிப், கஞ்சி, ரசம், வெந்நீர் என்று எழுதினார். எதிர்ப்பக்கத்தில் நேரம் போட்டுச் சிறுநீரின் அளவை மில்லிலிட்டரில் குறித்தார். நூறு மில்லி குறைந்தாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நர்ஸைத் தேடிப் போவார். இரண்டாம் சுழற்சியின் நான்காம் நாள் மாலையில் அப்படி அவர் போய்ச் சொன்னதால்தான் என் கால் வீங்கியிருப்பதைக் கவனித்து உடனே மருந்து கொடுத்தார்கள். அந்தப் புத்தகத்திலேயே பின்பக்கங்களில் வாந்தி எத்தனை முறை, காய்ச்சல் எவ்வளவு, எந்த விரல் மரத்திருக்கிறது என்றும் எழுதி வைத்தோம். டாக்டர் சுற்று வரும் இரண்டு நிமிடத்தில் நோயாளிக்கு எதுவும் நினைவுக்கு வராது. எழுதி வைத்த தாள்தான் பேசும்.

தாங்கக் கூடாத விஷயங்களில் முதலாவது காய்ச்சல். கீமோ முடிந்து ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும் காலத்தில் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டாலே நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும், வீட்டில் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். ஏப்ரல் 5 இரவு எனக்கு 101 வந்தது. பழைய நானாக இருந்தால் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன். அன்று 20 நிமிடத்தில் ஆட்டோவில் இருந்தோம். போன உடனே ரத்தம் எடுத்து ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள்.

மறுநாள் மாலை, தனி அறையில், கையில் டிரிப்போடு டாக்காவில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பார்த்தேன். இலங்கைக்கு எதிராக யுவராஜ் 21 பந்துகளில் 11 ரன்தான் எடுத்தார். இந்தியா தோற்றது. சுவருக்கு அப்பால் யாரோ அவரைத் திட்டுவது கேட்டது. அடுத்த சில நாட்களில் நாடு முழுவதும் திட்டியது. எனக்கு அவருடைய கால்களைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. எழுந்து குளியலறைக்குப் போவதற்கே என் கால்கள் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. அதே மருந்துகளை மூன்று சுழற்சி வாங்கிக்கொண்ட உடம்பு இரண்டு ஆண்டுகளில் ஓர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நிற்கிறதே என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பூரண குணமடைந்துவிட்டார் என்று நாமே அறிவித்துவிட்டு, பிறகு அவர் தடுமாறினால் கோபித்துக்கொள்வது நியாயமில்லை.

மே மாத ஸ்கேனில் அந்தக் கணு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தது. மேற்கொண்டு அறுவை தேவையில்லை, கண்காணிப்பு போதும் என்றார்கள். வீட்டில் பாயசம் வைத்தார்கள். நான் அன்றே கிட் பேக்கைத் திறந்து ஒரு பந்தை எடுத்தேன்.

கையில் பந்து இருந்தது, தையல் இல்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலின் மேல்தான் இருக்கின்றன என்று கண் சொல்கிறது, விரல் நுனிகளோ கையுறை போட்டதுபோல் மொத்தமாக மரத்திருக்கின்றன. 15 ஆண்டுகளாக இருட்டில்கூடத் தையலைத் தேடிப் பிடித்த விரல்கள் அவை. சிஸ்பிளாட்டின் நரம்பு நுனிகளைத் தாக்குவதால் இப்படி ஆகிறது. மருந்து நின்ற பிறகும் சில மாதங்கள் இது கூடிவிட்டுத்தான் குறையத் தொடங்கும் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. காதில், மிக்சியை நிறுத்திய பிறகும் தங்கும் ஒலியைப் போல ஒரு ரீங்காரம் எப்போதும் இருந்தது. முதுகில் ப்ளியோமைசினால் சாட்டை வரிகளைப் போலக் கறுப்புக் கோடுகள் விழுந்திருந்தன. சொறிந்ததால் வந்தவை என்று நினைத்து அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கோடுகள் ஓராண்டில் மங்கின. ரீங்காரம் இன்றும் அமைதியான இரவுகளில் கேட்கிறது. விரல்களில் தொண்ணூறு பங்கு உணர்வு திரும்பிவிட்டது.

திரும்பி ஆட வேண்டும் என்ற அவசரத்தில் ஜூனிலேயே வலைப் பயிற்சிக்குப் போய், ஆறு பந்து வீசி, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். கோச் சார் பந்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "பீச்சுல நடந்துட்டு வா. நான் கூப்பிடற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே," என்றார். மெரினாவில் காலை ஐந்து மணிக்கு விளக்குக் கம்பங்களை எண்ணி நடந்தேன். முதல் வாரம் உழைப்பாளர் சிலையிலிருந்து பத்துக் கம்பம், பிறகு திரும்புதல். ஒரு நாள் நன்றாக இருந்தால் இரட்டிப்பாக நடக்கத் தோன்றும். நடந்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். இதை மூன்று முறை செய்து மூன்று முறையும் பட்ட பிறகுதான், நன்றாக இருக்கும் நாளிலும் குறித்த அளவோடு நிறுத்திக்கொள்ளக் கற்றேன். வாரத்துக்கு இரண்டு கம்பம் மட்டும் கூட்டினேன். அக்டோபரில் மெதுவோட்டம், ஜனவரியில் டென்னிஸ் பந்து, மார்ச்சில் நான்கு அடி ரன்-அப்போடு நிஜப் பந்து. 2015 பருவத்தில் மீண்டும் லீக் ஆட்டத்தில் இறங்கினேன்: நான்கு ஓவர், 19 ரன், விக்கெட் இல்லை. பழைய வேகம் வரவில்லை, அதன் பிறகும் வரவில்லை. கட்டரும் மெதுப்பந்தும் கற்றுக்கொண்டு இன்னும் நான்கு பருவங்கள் ஆடினேன்.

இடையில் 2017 ஜனவரி 19. ஜல்லிக்கட்டுக்காக மெரினா முழுவதும் இளைஞர்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்த வாரம் அது. நான் நடக்கும் பாதையில் கால் வைக்க இடமில்லை. அன்று கட்டாக்கில் இங்கிலாந்துக்கு எதிராக யுவராஜ் 127 பந்துகளில் 150 ரன் எடுத்தார், எதிர் முனையில் தோனி 134. அது யுவராஜின் ஒருநாள் ஆட்டங்களிலேயே மிக உயர்ந்த எண்ணிக்கை. அப்பா பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சேப்பாக்கத்துல வாந்தி எடுத்துக்கிட்டே அடிச்சானே, அதுக்கப்புறம் ஒன்-டேல இதுதாண்டா அடுத்த நூறு," என்றார். ஒரு நூறுக்கும் அடுத்த நூறுக்கும் நடுவே ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். மீண்டுவரும் நோயாளிகள் என்னிடம் எப்போது பழையபடி ஆவோம் என்று கேட்கும்போது நான் அவர் மைதானத்துக்குத் திரும்பிய அந்தச் செப்டம்பர் 11-ஐச் சொல்வதில்லை, இந்த ஆறு ஆண்டுகளைச் சொல்கிறேன்.

என் பர்ஸில் ஒரு சிறிய அட்டை இருக்கிறது. ப்ளியோமைசின் மொத்தம் 270 யூனிட் வாங்கியவன், மயக்க மருந்து கொடுப்பவர் தேவைக்கு மேல் ஆக்ஸிஜன் செறிவைக் கூட்ட வேண்டாம் என்று அதில் எழுதியிருக்கிறது. 2018-ல் குடல்வால் அறுவையின்போது அதைக் காட்டினேன். மயக்க மருத்துவர் அதை வாங்கிக் கேஸ் ஷீட்டில் ஒட்டிக்கொண்டார். இந்த மருந்தை எப்போதோ வாங்கியவர்கள்கூடப் பல்லோ குடலோ எந்த அறுவையானாலும் இதைச் சொல்ல வேண்டும். கண்காணிப்பையும் விட்டுவிடக் கூடாது. எனக்கு முதல் ஆண்டு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு மூன்று, ஆறு என்று இடைவெளி கூடி, ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுக்கு ஒரு முறை ஆயிற்று.

கிளப்பில் இப்போது நான் பந்து வீச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும், காலணி, கார்டு ஆகியவற்றைப் பற்றிப் பேசும் அதே குரலில், மாதம் ஒரு முறை வெந்நீரில் குளித்த பிறகு இரண்டு விதைகளையும் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே மெதுவாக உருட்டிப் பார்க்கச் சொல்கிறேன். பின்பக்கத்தில் கயிறுபோல் மெத்தென்று தட்டுப்படுவது இயல்பானது. விதையின் மேலேயே கெட்டியாகவோ, ஒன்று மட்டும் பெரிதாகவோ கனமாகவோ தெரிந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும். இது 15 முதல் 40 வயதுக்குள் அதிகம் வரும் நோய். பிறக்கும்போது விதை இறங்காமல் இருந்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல், ஆகவே அம்மாவிடம் கேட்டு வையுங்கள் என்கிறேன். முதல் முறை சொல்லும்போது பையன்கள் தரையைப் பார்ப்பார்கள். நான் என் கதையைச் சொன்னதும் நிமிர்வார்கள்.

2019-ல் ஒரு சனிக்கிழமை, வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, 19 வயதுப் பையன் ஒருவன் எல்லோரும் போகும் வரை காத்திருந்து அருகில் வந்தான். "அண்ணா, நீங்க சொன்னீங்களே, எனக்கு இடது பக்கம்..." என்று நிறுத்தினான். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். ஒன்பது நாளாக என்றான். பைக்கில் ஏற்றிக்கொண்டு அன்று மாலையே எனக்குப் பார்த்த யூராலஜிஸ்ட்டிடம் போனோம். ஸ்கேன் அறைக்கு வெளியே அவனுடைய அம்மாவிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. விதைப்பையில் நீர் கோத்திருக்கிறது, கட்டி எதுவும் இல்லை, வேண்டுமானால் பருவம் முடிந்ததும் சிறிய அறுவை செய்துகொள்ளலாம் என்றார் டாக்டர். மறுநாள் காலை அவன்தான் முதல் ஓவர் வீசினான். அப்பா ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தார்.